மஞ்சள் பெட்டி எந்தப் படகில் இருந்தது

வேலை அனுபவத்தைச் சொல்லும் இந்த மாதிரிக் கட்டுரைகளை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு அந்த வயது ஆகவில்லை. மகள் இப்போதுதான் எல்.கே.ஜி. போகிறாள். அவள் வயிற்றில் இருந்தபோது வேலையை விட்டேன். திரும்பிப் போகலாம் என்றால் அந்த வேலையே இப்போது இல்லை. அதனால் என்னை ஓய்வு பெற்றவளாகவே வைத்துக்கொள்ளலாம்.

என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பவித்ரா சில வாரங்களுக்கு முன் போன் செய்தாள்.

"அக்கா, நீங்கல்லாம் டைவிங் படகுக்காரங்ககிட்ட போன்ல பேசித்தான் லிஸ்ட்ல சேப்பீங்களாமே, நெஜமாவா? இப்ப அவங்களே ஆப்ல டிக் பண்ணிடறாங்க. ஆக்சிஜன் இருக்கா, டிக். ரேடியோ இருக்கா, டிக். எல்லாம் பச்சை பச்சையா வருது. பாக்கவே எனக்கு பயமா இருக்கு. நீங்க எப்படித் தேர்ந்தெடுத்தீங்கன்னு கொஞ்சம் எழுதித் தாங்களேன்."

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் வெட்கமாக இருந்தது. காரணம், அன்று காலையிலும் நான் என் மகளின் பள்ளி வேன் முன்னால் வாயை மூடிக்கொண்டுதான் நின்றிருந்தேன்.

வேன் முனிராஜ் அண்ணனுடையது. எங்கள் லேஅவுட்டில் இருந்து பாகலூர் ரோடு பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறார். கேஸில் ஓடும் வண்டி. பள்ளி திறக்கும் முன் எல்லாப் பள்ளி வாகனங்களையும் ஆர்.டி.ஓ. ஆட்கள் மைதானத்தில் நிறுத்திச் சோதித்தபோது, அவர் தன் வேனைப் போட்டோ எடுத்து எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார். ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் ஒரு இரும்பு கிளாம்ப், அதில் சிவப்பாக ஒரு தீயணைப்பு சிலிண்டர். எல்லா அம்மாக்களும் கைகூப்பும் படம் போட்டோம். பள்ளி திறந்த முதல் நாள் மகளைத் தூக்கி வேனில் உட்கார வைத்தபோது பார்த்தேன். கிளாம்ப் இருந்தது. அதில் ஏதோ ஒரு பிள்ளையின் தண்ணீர் பாட்டில் செருகியிருந்தது.

சீட்டுக்கு அடியில் மாற்றி வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். கேட்க வேண்டியது ஒரே கேள்விதான், "அது எங்க இருக்குண்ணா?" அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் நான் சம்பளம் வாங்கினேன். உலகத்தின் அந்தப் பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்க முடிந்தது. என் வாசலில் நின்றவரிடம் முடியவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் வேலையில் இருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்காவில் இருந்து பெரிய சொகுசுக் கப்பல்கள் கரீபியன் தீவுகளைச் சுற்றும். காலையில் ஒரு தீவில் நிற்கும், மாலையில் கிளம்பிவிடும். அந்தப் பகல் பொழுதில் பயணிகள் சிலர் முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிப் பவளப்பாறை பார்க்க ஆசைப்படுவார்கள். கப்பல்காரர்களே அதற்கு ஏற்பாடு வைத்திருப்பார்கள். ஆனால் ஒரே படகில் கும்பலாக ஏற்றிக்கொண்டு போவார்கள். தீவில் சொந்தமாகப் படகு வைத்திருப்பவரிடம் போனால் ஐந்தாறு பேரோடு நிறுத்திக்கொள்வார், நிதானமாகக் காட்டுவார், செலவும் குறைவு. ஆனால் கப்பல் ஏற்பாடு செய்த படகு தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியாள் படகு தாமதமானால் காத்திருக்காது. படகில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்றும் யாரும் முன்கூட்டிப் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். அந்த வெளியாட்களில் யாரை நம்பலாம் என்று சலித்து எடுத்துப் பயணிகளுக்குச் சொல்வதுதான் எங்கள் கம்பெனியின் பிழைப்பு. சலிக்கிறவர்கள் ஓசூரில் இருந்து கம்பெனி கேபில் ஏறி, மாநில எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, மதிய ஷிஃப்டுக்குப் போய்ச் சேரும் நாங்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது. கிருஷ்ணகிரி அணைக்குப் போனால் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுப் பூங்காவிலேயே உட்கார்ந்துகொள்வேன். எங்கள் டீமில் ஒருவரும் கடலுக்குள் இறங்கியதில்லை. பயிற்சி என்று சில வாரம் வீடியோ காட்டினார்கள். எவ்வளவு ஆழத்தில் காற்று எவ்வளவு வேகமாகத் தீரும், மேலே அவசரமாக வந்தால் உடம்புக்கு என்ன ஆகும், ஆஸ்துமா உள்ளவரை ஏன் டாக்டர் சீட்டு இல்லாமல் இறக்கக் கூடாது என்பதையெல்லாம் பரீட்சைக்குப் படிப்பது போல மனப்பாடம் செய்தோம். கல்யாணமான பிறகு என் மாமியார் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "எங்க மருமக கடலுக்கடியில போறவங்களுக்கே சொல்லிக் குடுக்கறவ." நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

எங்கள் டீம் லீடர் ரெஜினா மேடம், மத்திகிரிக்காரர். கேப் டிரைவரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ், தீவுக்காரர்களிடம் ஆங்கிலம். மூன்றிலும் ஒரே குரல், ஏற்ற இறக்கமே இருக்காது. ஏசி குளிருக்கு ஆண்கள் போடும் பெரிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, ஒரு கவரில் வேகவைத்த கடலைக்காயை வைத்துக்கொண்டு எங்கள் பின்னால் நடப்பார். நாங்கள் பேசுவதை இன்னொரு ஹெட்செட்டில் கேட்பார். எதிர்முனையில் யாராவது "எஸ் மேடம், எல்லாம் இருக்கு" என்று சொன்னால் ஒரு கடலைக்காயை உடைப்பார். அந்தச் சத்தம் வந்தால் நாங்கள் கேட்ட கேள்வி வீண் என்று அர்த்தம்.

"இருக்கான்னு கேட்டா உலகத்துல அத்தனை பேரும் இருக்குன்னுதான் சொல்லுவாங்க" என்பார். "எங்க இருக்குன்னு கேளு. கடைசியா யாரு தொறந்தான்னு கேளு. கேட்டுட்டு வாய மூடு. அவங்க யோசிக்கறத நீ கெடுக்காத."

அவருக்குப் பிடிக்காத கேள்வி ஒன்று இருந்தது. புதிதாக வந்த பெண்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்போம். எல்லாம் சேஃப்தானே?

"அது கேள்வியா? கெஞ்சறது. சேஃப்தான்னு சொல்லுடான்னு அவன் காலப் புடிக்கற. இன்னொரு தடவ காதுல விழுந்துச்சு, ஹெட்செட்ட புடுங்கிடுவேன்."

ஒரு படகுக்காரர் எங்களிடம் தேறுவதற்கு இரண்டு மூன்று அழைப்புகளாவது ஆகும். எங்களுக்கு மாலை ஐந்து மணி என்றால் அங்கே அப்போதுதான் விடிந்து படகைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். பின்னால் கடற்காகம் கத்துவது கேட்கும். எல்லோரும் தண்ணீருக்குள் இறங்கியபின் படகில் யார் இருப்பார்? முதல்முறை இறங்குபவரையும் பழகியவரையும் ஒரே ஆள் அழைத்துப் போவாரா? வந்தவர் டைவிங் பயிற்சி முடித்த அட்டையை யார் பார்ப்பது, எங்கே வைத்துப் பார்ப்பது? காற்று மோசமானால் போகவில்லை என்று முடிவு செய்பவர் யார்? ஒருமுறை நான் ஒருவரிடம் எல்லாம் கேட்டு முடித்து, "மூன்று மணிக்குள் துறைமுகத்தில் விட்டுவிடுவார்" என்று எழுதினேன். பின்னால் கடலைக்காய் உடைந்தது.

"எந்த மூணு மணி?"

"மதியம் மூணுதான் மேடம்."

"கப்பலோட மூணா, தீவோட மூணா?"

கப்பல் கிளம்பிய ஊரின் நேரத்தைத்தான் கப்பலுக்குள் வைத்திருப்பார்கள். சில மாதங்களில் சில தீவுகளில் அதற்கும் ஊர் நேரத்துக்கும் ஒரு மணி வித்தியாசம் வரும். படகுக்காரர் சொன்ன மூன்று மணிக்குக் கப்பலில் நான்கு. பயணி கரையில் நின்று கப்பலுக்குக் கையாட்ட வேண்டியதுதான். அன்றிலிருந்து யார் எனக்கு நேரம் சொன்னாலும் யாருடைய நேரம் என்று மனதுக்குள் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் "பத்து மணிக்கு வந்துடுவார்" என்றாலும்கூட.

ஒரு விவகாரத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கிழக்குக் கரீபியனில் ஒரு சின்னத் தீவு. அங்கே ஒரே படகுத்துறையில் இரண்டு பேர் தனித்தனியாக டைவிங் படகு ஓட்டினார்கள். ஒருவர் இவெட் என்ற பெண். அவரை ஏற்கனவே நான்தான் பேசித் தேர்ந்தெடுத்திருந்தேன். இன்னொருவர் ரோலண்ட். வயதானவர். என்னை "மகளே" என்றுதான் கூப்பிடுவார். எங்கள் ஊரில் மழை பெய்ததா என்று விசாரிப்பார். எங்கே, யார், எப்போது என்று எதைக் கேட்டாலும் தயங்காமல் சொன்னார். கடலைக்காய் ஒன்றுகூட உடையவில்லை. கடைசியாக, அவசரத்துக்கு மூச்சுக் கொடுக்கும் ஆக்சிஜன் பெட்டியின் படம் மட்டும் பாக்கி. அனுப்பினார். அவர் சுத்தமானவர் என்று எனக்குத் தோன்றிவிட்டதால், அன்று மாலையே நான்கு பேருக்கு மறுவாரப் படகுப் பயணத்தைப் பதிவு செய்துவிட்டேன். அப்பா, இரண்டு மகள்கள், ஒரு மருமகன்.

பிறகுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் பெட்டி. மூடியின் மூலை உடைந்து, வெள்ளை டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தார்கள். அந்த ஒட்டு எனக்குப் பழக்கமானது. இவெட் அனுப்பிய படத்திலும் அதே பெட்டி, அதே மூலை, அதே டேப்.

இரண்டு பேரையும் விசாரித்தது நான் ஒருத்திதான் என்பதால் வேறு யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. டேப் என்றால் எல்லா டேப்பும் ஒரே மாதிரிதானே இருக்கும் என்று ஒரு நாள் முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டேன். வேறு யாராவது பார்த்திருந்தால் அவர்களுக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. எனக்குத் தோன்றியதற்குக் காரணம் எங்கள் அப்பாவின் ஷெட்.

அப்பா சிப்காட்டை ஒட்டி ஒரு சின்ன ஷெட்டில் லேத் போட்டு, வண்டிக் கம்பெனிக்கு புஷ் என்னும் இரும்பு வளையங்கள் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். லேத் ஓட்டியவர் முனிராஜ் அண்ணன். ஆமாம், இன்று வேன் ஓட்டும் அதே முனிராஜ் அண்ணன்தான். வீட்டில் தெலுங்கு பேசுபவர், என்னிடம் மட்டும் பார்த்துப் பார்த்துத் தமிழ் பேசுவார். லீவு நாட்களில் நான் ஷெட்டுக்குப் போனால், லேத்தில் விழும் சுருள் சுருளான இரும்புச் சீவலைத் தொடக் கூடாது என்று என்னைத் தூக்கி ஸ்டூல் மேல் உட்கார வைப்பார். அப்போதிலிருந்து நான் அவருக்குப் பாப்பா.

ஒருமுறை பெரிய கம்பெனியில் இருந்து ஆடிட்டர் வருவதாகத் தகவல் வந்தது. ஷெட்டில் தீயணைப்பு சிலிண்டர் இல்லை. பக்கத்து ஷெட்டில் இரண்டு இருந்தன. முனிராஜ் அண்ணன் போய் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன், அவர் மேலேறி ஆணி அடித்தார். எப்போதும் அங்கேயே இருந்தது போலத் தெரிய வேண்டும் என்று அதன் பின்னால் சுவரில் சிவப்புக் கட்டம் தீட்டி, சுற்றி வெள்ளைக் கோடும் போட்டார். எனக்கு அது தோரணம் கட்டுவது போல இருந்தது. ஆடிட்டர் வந்தார். "ஃபயர்?" என்றார். "இருக்கு சார்" என்றார் அப்பா. ஆடிட்டர் அருகில் போய்ச் சுவரில் விரலை வைத்தார். விரல் சிவப்பானது. பெயிண்ட் காயவில்லை. அவர் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்ததற்குப் போய்விட்டார். ஷெட் தேறியது. எங்கள் வீட்டில் இன்றுவரை அவரை நல்ல மனுஷன் என்றுதான் சொல்வோம். ஷெட்டில் ஒருநாளும் தீப்பிடிக்கவில்லை. அப்பா வேறு காரணத்தால் பின்னால் அதை மூடினார்.

அந்தச் சிவப்பு விரலோடு நான் மஞ்சள் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மனுஷனாக இருப்பதா, வேண்டாமா? மறுநாள் ரெஜினா மேடத்திடம் இரண்டு படங்களையும் காட்டினேன். என்னைப் பாராட்டுவார் என்று நினைத்தேனோ என்னவோ. அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "நேத்தே பாத்துட்ட, இல்ல?" என்றார். பிறகு "கூப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு இன்னொரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார்.

நடந்தது ஆங்கிலத்தில். எங்கள் பேச்சிலேயே சொல்கிறேன்.

"அந்த மஞ்சப் பெட்டி இப்ப எங்க இருக்கு?"

"படகுலதான், மகளே."

"எந்தப் படகுல?"

கடற்காகம் கத்தியது. நான் பேசிவிடப் போனேன். ரெஜினா மேடம் என் தோளில் கை வைத்து அழுத்தினார்.

கடைசியில் ரோலண்ட் சிரித்தார். "உனக்குக் கண்ணு நல்லா இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அவ படகும் என் படகும் ஒரே பாறைக்குத்தான் போகும். சத்தம் போட்டாக் கேக்கற தூரம். அவளுக்கு ஒண்ணுன்னா நான் எடுத்துட்டுப் போவேன், எனக்கு ஒண்ணுன்னா அவ வருவா. இங்க இது எல்லாருக்கும் தெரியும்."

ரெஜினா மேடம் குறுக்கிட்டார். "போன தடவ கப்பல் வந்தப்ப ரெண்டு பேரும் ஒரே பாறைக்கா போனீங்க?"

அவர் அந்தக் கேள்வியைத் தொடாமல், "பெரிய கப்பல்காரங்க வர்ற ஆளுங்களையெல்லாம் அவங்களே எடுத்துக்கறாங்க. மிச்சம் விழறதுதான் எங்களுக்கு. அதுலயும் நீ குறுக்க நிக்கறியே, மகளே" என்றார். ரெஜினா மேடத்திடம் அல்ல, என்னிடம்.

இருவரும் ஆளுக்கொரு பெட்டி வாங்கும்வரை இருவர் பெயரையும் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டோம். நான்கு பயணிகளுக்கும் பயணம் ரத்து என்று நான்தான் எழுதினேன். அந்த அப்பாவிடம் இருந்து கோபமாகப் பதில் வந்தது. இந்தியாவில் எங்கோ உட்கார்ந்துகொண்டு என் விடுமுறையைக் கெடுக்க நீ யார் என்று கேட்டிருந்தார். அது நியாயமான கேள்வியாகவே எனக்குத் தோன்றியது.

அந்தக் கப்பல் தீவில் நின்ற நாள் எனக்கு வேலையே ஓடவில்லை. அடுத்த வாரம் சதீஷ், பக்கத்து சீட் பையன், தன் திரையைத் திருப்பிக் காட்டினான். நான்கு பேரும் படகில் நிற்கும் படம், அவர்களே இணையத்தில் போட்டது. கப்பலில் இருந்து இறங்கி நேராகப் படகுத்துறைக்கு நடந்து போய், ரோலண்டிடமே பேசிக்கொண்டு கடலுக்குப் போயிருக்கிறார்கள். ஆமை பார்த்தார்களாம். வாழ்க்கையில் மறக்க முடியாத நாள் என்று எழுதியிருந்தார்கள்.

"என்னங்க, உங்க மஞ்சப் பெட்டி இல்லாமயே ஆமைய பாத்துட்டு வந்துட்டாங்க போல" என்றான் சதீஷ். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் படம் கண்ணில் பட்டவுடன் எனக்குள் முதலில் எழுந்தது நிம்மதி இல்லை. ஏமாற்றம். ஒரு கணம்தான், ஆனால் அது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் சொன்னது சரி என்று ஆக வேண்டுமானால் அந்த நான்கு பேருக்கும் ஏதாவது ஆகியிருக்க வேண்டும். அதைத்தான் ஒரு வாரமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் போல. படத்தைப் பெரிதாக்கி, படகின் மூலைகளில் மஞ்சள் நிறத்தைத் தேடினேன். அவர்கள் கால்கள்தான் தெரிந்தன.

ரெஜினா மேடத்திடம் போய், நாம் செய்தது தப்போ என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகலைன்னா பெட்டி இருந்துச்சுன்னு அர்த்தமா?" என்றார். பிறகு அவரே, கொஞ்சம் தணிந்து, "எனக்கும் தூக்கம் வரல" என்றார். அவர் வாயில் இருந்து அப்படி ஒன்றை நான் கேட்டது அந்த ஒரு முறைதான். இவெட் கொஞ்ச காலம் கழித்துப் புதுப் பெட்டியின் படம் அனுப்பி மறுபடி சேர்ந்தார். ரோலண்ட் அனுப்பவில்லை. கர்ப்பமாகி வேலையை விடும் முன் ஒருமுறை அவர் எண்ணுக்கு முயற்சி செய்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. படகை விற்றாரா, எண்ணை மாற்றினாரா, எனக்குத் தெரியாது.

முனிராஜ் அண்ணனிடம் நான் ஏன் கேட்க முடியவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். வேறு டிரைவராக இருந்தால் சுற்றி வளைத்தாவது கேட்டிருப்பேன். இவரிடம் சிலிண்டர் எங்கே என்று கேட்டால், அப்பாவின் ஷெட் சுவரை விரலால் தொடுவது போல ஆகும். வேனில் சேர்த்துவிடச் சொன்னதும் அப்பாதான். "முனிராஜ் வண்டி இருக்கறப்ப வேற வண்டி எதுக்கு? நம்ம ஆளு." என் கணவரிடம் சொன்னேன். "கேட்டுட்டா போச்சு, இதுல என்ன இருக்கு?" என்று ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார். ஒருநாள் தைரியம் வந்து கேட்டும்விட்டேன். என்ன கேட்டேன் தெரியுமா?

"எல்லாம் சேஃப்தானே அண்ணா?"

"என்ன பாப்பா இப்படிக் கேக்கற. நம்ம வண்டி!"

எங்கோ ஒரு கடலைக்காய் உடைந்தது எனக்குக் கேட்டது.

பவித்ராவுக்கு எழுத உட்கார்ந்தபோது, இருக்கா என்று கேட்காதே, எங்கே என்று கேள் என்று முதல் வரியை எழுதினேன். அதற்குமேல் எழுத முடியவில்லை. மறுநாள் காலை வேன் வந்தது. இன்னும் இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மகள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கிளாம்ப்பில் அன்றும் ஒரு தண்ணீர் பாட்டில். இந்தத் தடவை அது என் மகளுடையது.

"அண்ணா, அந்த ஃபயர் சிலிண்டர் எங்க இருக்கு?"

"இருக்கு பாப்பா."

"எங்கண்ணா?"

"சீட்டுக்கடியில போட்டிருக்கேன்."

"எந்த சீட்டுக்கடியிலண்ணா?"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் பேசினால் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன். அம்மாக்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"நாராயணப்பா வண்டியில இருக்கு" என்றார். "இன்ஸ்பெக்ஷனுக்கு ரெண்டு பேரும் சேந்து ஒண்ணு வாங்கினோம். அவனும் இதே ரூட்டுதான், பின்னாலயே வரான். ஒண்ணுன்னா ஓடி வந்துட மாட்டானா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "உனக்குத் தெரியாததா பாப்பா? அன்னிக்கு ஸ்டூல் புடிச்சவதானே நீ."

நான் மகளை இறக்கினேன். அவள் "மாமா வண்டியிலதான் போவேன்" என்று அழுதாள். ஒரு அம்மாவும் தன் பையனை இறக்கிக்கொண்டார். இன்னொருவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, பிள்ளையை வண்டியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். முனிராஜ் அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு போனார். நான் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகும் வழியெல்லாம், கேஸ் வண்டியைவிட இந்த லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டர் எந்த விதத்தில் சேஃப் என்று யோசித்துக்கொண்டே போனேன். அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

சாயங்காலம் அப்பா போன் செய்தார்.

"முனிராஜ் வந்திருந்தான்."

"என்னப்பா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. காபி குடிச்சான். போயிட்டான்." பிறகு சொன்னார்: "நீ கேட்டது தப்பில்லம்மா."

"சரிப்பா."

"அன்னிக்கு அவன் எனக்காகத்தான் ஆணி அடிச்சான்" என்றார். வைத்துவிட்டார்.

இரண்டு நாள் நானே பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டேன். மூன்றாம் நாள் காலை வேன் எங்கள் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. வராது என்று நினைத்து மகளுக்கு இன்னும் ஷூ மாட்டவில்லை. அவசரமாக மாட்டி இழுத்துக்கொண்டு ஓடினேன். முனிராஜ் அண்ணன் இறங்கி வந்து பக்கக் கதவைத் திறந்தார். கிளாம்ப்பில் புது சிலிண்டர் இருந்தது. அதன் கழுத்தில் கம்பெனி அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"வாங்க சின்னப் பாப்பா" என்று மகளைத் தூக்கி உட்கார வைத்தார். கிளாம்ப்பில் இடம் இல்லாததால் பாட்டிலை அவள் மடியில் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாத்துக்குங்க மேடம்."

வேண்டாம் அண்ணா என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் தலையை உள்ளே நீட்டி, மீட்டர் முள் பச்சையில் இருக்கிறதா, பின்னின் சீல் உடையாமல் இருக்கிறதா, கிளாம்ப் ஆடாமல் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் பார்த்தேன். நான் பார்த்து முடிக்கும்வரை அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரிங்கண்ணா" என்றேன்.

"வரட்டுங்களா, மேடம்."

வண்டி கிளம்பியது. மகள் பாட்டிலைக் கட்டிக்கொண்டு இன்னொரு கையால் டாட்டா காட்டினாள். நானும் காட்டினேன்.